குழி தோண்டும் முன்னால் தண்ணியைக் கேளுங்க

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசிய உரை)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது படிச்சதோட சரி. எங்க குழுவில் கணக்கு நோட்டு எழுதுறேன். "மழைநீர் சேகரிப்பு பத்தி நீ பேசு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. "நாங்க வெட்டுன குழி வீணாப் போன கதை ஊருக்கே தெரியுமே, நான் எப்படி அக்கா பேச"ன்னு கேட்டேன். "அதையே பேசு"ன்னுட்டாங்க. அதனால அதில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

2022 கோடையில் எங்க குழு சேமிப்பில் இருந்து 18,000 ரூபாய் எடுத்து ஒரு மழைக்குழி வெட்டினோம். குழுக்கூட்டம் நடக்கிற கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு பொதுக்கிணறு இருக்கு. தண்ணி உப்பு. அந்தக் கிணத்துக்குப் பக்கத்தில் எட்டடி ஆழத்துக்குக் குழி வெட்டி, கல்லும் மணலும் போட்டு நிரப்பினா, மழைத்தண்ணி இறங்கி கிணறு நல்ல தண்ணி ஆயிரும்னு நினைச்சோம். இடத்தைச் சொன்னது நான்தான். ஏன் அந்த இடம்னு யாரும் கேக்கலை. கட்டடத்துக்குப் பக்கம், வேலை பார்க்க வசதி, எல்லார் கண்ணுலயும் படும். அதுதான் காரணம்.

அஞ்சடிக்குக் கீழே வெட்டும்போது கருப்பா களிமண் வந்தது. அதுக்குள்ள சிப்பி சிப்பியா இருந்தது. பிள்ளைகள் பொறுக்கி விளையாடுச்சு. நாங்களும் பார்த்துச் சிரிச்சோம். அந்தச் சிப்பி எங்களுக்கு ஒரு சேதி சொன்னது, எங்களுக்குப் படிக்கத் தெரியலை.

கார்த்திகை மழையில் குழி நிறைஞ்சது. நிறைஞ்ச தண்ணி இறங்கவே இல்லை. மூணு வாரம் அப்படியே கிடந்து பச்சை பிடிச்சு, கொசு வந்துது. தெருவில் ரெண்டு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததும் குழியை மூடச் சொன்னாங்க, மூடினோம். நாங்க 12 பேர், ஆளுக்கு 1,500 ரூபாய் போச்சு. ஒரு மதினிக்கு அது மகளோட பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வெச்சிருந்த பணம். அவங்க என்கிட்ட ஒரு வார்த்தை கோபமாப் பேசலை. அதனாலதான் எனக்கு அது இன்னும் உறுத்துது.

எங்க தெரு ஆச்சி ஒருத்தங்க மட்டும் கேட்டாங்க: "மழை பெய்யும்போது நீங்க எல்லாரும் கதவை அடைச்சிட்டு உள்ள இருக்கீங்க. தண்ணி எங்க போகுது, எங்க நிக்குது, எங்க இறங்குதுன்னு யாராவது வெளிய வந்து பார்த்தீங்களா?" நான் இன்னைக்குச் சொல்ல வந்தது இந்த ஒரு கேள்விதான்.

முதல்ல, ஆத்தங்கரையில் இருக்கிற நமக்கு எதுக்கு மழைத்தண்ணின்னு யோசிக்கலாம். தாமிரபரணியில் ஸ்ரீவைகுண்டம்தான் கடைசி அணைக்கட்டு. அங்கே இருந்து வடகால், தென்கால்னு ரெண்டு பக்கமும் குளங்களுக்குத் தண்ணி போகுது. தூத்துக்குடிக்குக் குடிக்கவும், தொழிற்சாலைக்கும் எடுக்காங்க. அதுக்குக் கீழே ஏரல், உமரிக்காடு, முக்காணின்னு இருக்கிற நமக்குக் கோடையில் வர்றது மிச்சம் மீதிதான். புன்னைக்காயலைத் தாண்டினா கடல். ஆத்தில் நல்ல தண்ணி குறைஞ்சா, கடல் தண்ணி அந்த இடத்துக்கு உள்ளே ஏறி வருது. நம்ம மாவட்டத்தில் ஒரு வருஷத்துக்குச் சராசரியா 65 சென்டிமீட்டர் சுற்றித்தான் மழை. அதுலயும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துரும். மிச்ச மாசமெல்லாம் வெயில்தான்.

2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்தது. அது நல்ல சட்டம். ஆனா எங்க ஊரில் அவசரத்துக்கு வெச்ச குழாய் இன்னும் சில வீட்டுச் சுவரில் தொங்குது, கீழே குழியைக் காணோம். சில வீட்டில் குழி இருக்கு, தண்ணி இறங்கலை. எல்லா வீட்டுக்கும் ஒரே குழின்னு நினைச்சதுதான் தப்பு. நம்ம பக்கத்து மண் ஒரே மண் இல்லை.

அந்தச் சிப்பிக்கு வர்றேன். கொற்கை நமக்குப் பக்கத்து ஊர். பாண்டியர் காலத்தில் முத்துக்குப் பேர்போன துறைமுகம். இன்னைக்குக் கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கு. கால்டுவெல் அய்யா அங்கே தோண்டிப் பார்த்திருக்கார், அரசுத் தொல்லியல் துறையும் தோண்டியிருக்கு. ஆறு கொண்டு வந்து போட்ட வண்டல் கடலைக் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளிட்டது. அதனால நம்ம காலுக்குக் கீழே பல இடத்தில் ஒரு காலத்துக் கடல் சேறு கிடக்கு. அந்தக் களி தண்ணியை இறங்க விடாது. அதில் ஊறின தண்ணியும் உப்பு. நாங்க வெட்டினது நேரா அதுக்குள்ள. கருப்புக் களியும் சிப்பியும் வந்த அன்னைக்கே மண்வெட்டியைக் கீழே வெச்சிருந்தா பாதிப் பணமாவது மிஞ்சியிருக்கும்.

களிக்கு நேர் எதிர் மணல். திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டைப் பார்த்திருப்பீங்க. செக்கச் சிவந்த மணல். எவ்வளவு மழை பெஞ்சாலும் அதில் ஓடை கட்டி ஓடுறதைப் பார்க்கிறது அபூர்வம், அப்படியே குடிச்சிரும். குடிச்ச தண்ணி ஓரத்தில் சுனையாக் கசியுது. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் அந்தச் சுனையைப் பார்க்கலாம். திருச்செந்தூரில் கடல்ல குளிச்சிட்டு நாழிக்கிணத்தில் குளிக்கிறோமே, கடலுக்கு இத்தனை பக்கத்தில் அந்தத் தண்ணி உப்புக் கரிக்கலை. முருகன் அருள்னு கும்பிடுறோம், கும்பிடுவோம். அதோட மண்ணையும் கவனிப்போம். மணலுக்குள் இறங்கின மழைத்தண்ணி கனம் குறைஞ்சது, உப்புத்தண்ணி கனம் கூடினது. அதனால நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல மிதந்து நிக்கும். யாழ்ப்பாணத்தில் நிலாவரைன்னு ஒரு ஆழமான கிணறு இருக்கு. அதிலும் மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு.

பயிற்சியில் இதுக்கு ஒரு கணக்குச் சொன்னாங்க. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணி நின்னா, கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கலாம். கேக்க நல்லா இருக்கு. திருப்பிப் போட்டுப் பாருங்க. மேலே ஒரு அடியை நாம உறிஞ்சிட்டா, கீழே உப்பு 40 அடி ஏறி வர வழி கிடைக்குது. அதனாலதான் நம்ம பக்கம் "இன்னும் ஆழமா போர் போட்டா நல்ல தண்ணி வரும்"ங்கிறது பல இடத்தில் பலிக்கிறதில்லை. ஆழப்போறது உப்பைக் கூப்பிடுற மாதிரி. ஆத்து மணலும் இப்படித் தண்ணி வெச்சிருக்கிற பாத்திரம்தான். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த நல்லகண்ணு அய்யா தொடுத்த வழக்கில், 2010-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள அஞ்சு வருஷத்துக்குத் தடை போட்டது. மணல் போனா தண்ணி நிக்க இடம் இல்லை.

இதெல்லாம் எனக்குப் புரிஞ்சது 2023 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு. டிசம்பர் 17, 18-ந் தேதி மழையை யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷ மழையை விடக் கூட ஒரே நாளில். ஏரல் பாலம் அறுத்துக்கிட்டுப் போச்சு. குளங்கள் உடைஞ்சது. வீட்டைச் சுத்தி இடுப்பளவு தண்ணி, குடிக்க ஒரு சொட்டு இல்லை. குழாய் இல்லை, கரண்ட் இல்லை, வண்டி வர ரோடு இல்லை. நாங்க மொட்டைமாடியில் துவைச்ச பருத்திச் சேலையை நாலு மூலையில் கட்டி, நடுவில் ஒரு கல்லைப் போட்டு, கீழே குடத்தை வெச்சுப் பிடிச்சோம். பிள்ளைகளுக்கு அதைத்தான் காய்ச்சிக் கொடுத்தோம்.

தண்ணி வடிஞ்சப்போ ஆச்சி சொன்னது ஞாபகம் வந்துது. குடையைப் பிடிச்சுக்கிட்டு நாங்க மூணு பேர் ஊரைச் சுத்தி வந்தோம். எங்க குழுக் கட்டடத்துப் பக்கம் பத்து நாளாத் தண்ணி நின்னது. ஊருக்குத் தெக்கே பனங்காட்டு ஓரத்தில், மறுநாளே மண் காலில் ஒட்டலை. ரெண்டுக்கும் நடுவில் ஒரு கூப்பிடு தூரம்தான்.

அதுக்குப் பிறகு இடம் பார்க்கிற வேலையை முறையாச் செஞ்சோம். படிச்சவங்க இதைச் செயற்கைக்கோள் படத்தில் செய்றாங்க. நிலத்தின் சரிவு ஒரு படம், மண் வகை ஒரு படம், ஓடை வாய்க்கால் ஒரு படம், நிலத்தை எதுக்குப் பயன்படுத்துறாங்கன்னு ஒரு படம், மழை ஒரு படம், அடிப்பாறை ஒரு படம். ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, ஒவ்வொண்ணுக்கும் மார்க் போட்டு, கூட்டி, எந்த இடத்துக்கு மார்க் அதிகமோ அதைத் தேர்ந்தெடுக்கிறாங்க. நாங்க அதையே கோயில் முற்றத்தில் கோலப்பொடியில் செஞ்சோம். மகளிர் குழுப் பயிற்சியில் ஊர் வரைபடம் போட்டிருப்போமே, அதேதான். தெரு, வாய்க்கால், குளம், கிணறு எல்லாம் வரைஞ்சோம். உப்புக் கிணத்துக்கு ஒரு கல்லுப்பு வெச்சோம், நல்ல கிணத்துக்கு ஒரு மஞ்சள்துண்டு. களிமண் இடத்துக்குச் சாணி, மணல் இடத்துக்கு மணலே. வெள்ளம் நின்ன இடத்துக்கு வேப்பிலை. முக்கால் மணி நேரத்தில் படம் பேசுச்சு. உப்பும் சாணியும் ஒரே பக்கம் கூடி நின்னது, மஞ்சளும் மணலும் இன்னொரு பக்கம். நாங்க குழி வெட்டினது உப்புக்கும் சாணிக்கும் நட்ட நடுவில்.

நீங்க உங்க ஊரில் செய்யும்போது இந்த ஆறு கேள்வியையும் கேளுங்க.

ஒண்ணு, சரிவு. மழைத்தண்ணி எந்தத் திசையில் ஓடுது? கண்ணுக்குத் தெரியலேன்னா, கொத்தனார் மட்டம் பார்க்கிற தண்ணி டியூப்பைக் கேட்டு வாங்குங்க. ரெண்டு முனையில் தண்ணி எவ்வளவு உயரம் நிக்குதுன்னு பார்த்தா, எந்தப் பக்கம் தாழ்வுன்னு தெரிஞ்சிரும்.

ரெண்டு, மண். ஒரு அடி ஆழத்துக்குச் சின்னக் குழி வெட்டித் தண்ணி ஊத்துங்க. முதல் தடவை காஞ்ச மண் குடிச்சிரும், அதை நம்பாதீங்க. ரெண்டாம் தடவை ஊத்தி நேரம் பாருங்க. மணல்ல பார்த்துக்கிட்டு இருக்கும்போதே இறங்கும். களியில் சமையல் முடிச்சுட்டு வந்தாலும் அப்படியே நிக்கும். அதோட எவ்வளவு ஆழத்துக்கு வெட்டப் போறோமோ அவ்வளவு ஆழம் வரைக்கும் ஒரு இடத்தில் தோண்டிப் பாருங்க. எங்களுக்கு மேலே அஞ்சடி நல்ல மண்தான், கீழேதான் களி.

மூணு, கீழே இருக்கிற தண்ணி. பக்கத்துக் கிணத்தில் பருப்பு வேகுதா, சோப்பு நுரைக்குதா, இது நமக்குத் தெரியாத பரிசோதனை இல்லை. டிடிஎஸ் மீட்டர் இருந்தா இன்னும் நல்லது. குடிக்கிற தண்ணியில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேற வழியே இல்லாதப்போ 2,000 வரைன்னு நம்ம நாட்டுத் தர அளவு சொல்லுது. கீழே ஏற்கெனவே கடும் உப்பா இருந்தா, அங்கே மழைத்தண்ணியை இறக்குறது உப்பு மூட்டையில் ஒரு பிடி சீனியைப் போடுற மாதிரி. அங்கே தண்ணியை இறக்காதீங்க, மேலேயே தொட்டியில் பிடிங்க.

நாலு, அசுத்தம். கக்கூஸ் குழி, குப்பைமேடு, சுடுகாடு, மருந்தடிக்கிற வாழைத்தோட்டத்து வடிகால், இதுக்குப் பக்கத்தில் வேண்டாம். கக்கூஸ் குழிக்குக் குறைஞ்சது முப்பது அடி தள்ளி இருக்கணும், மணல் பூமின்னா இன்னும் தள்ளி. உப்பளத்துக்கு ஒட்டியும் வேண்டாம்.

அஞ்சு, வெள்ளம் போற வழி. ஆறோ ஓடையோ வேகமாப் பாயுற பாதையில் குழி போட்டா ஒரே மழையில் வண்டல் மூடிரும். வழியில் இருந்து கொஞ்சம் ஒதுங்கி, அமைதியா வர்ற தண்ணி சேர்ற இடம் வேணும். குளத்துக்கு வர்ற வரத்துக்காலை நம்ம குழிக்காக மறிச்சிறவும் கூடாது. புதுசா வெட்டுறதுக்கு முன்னால, இருக்கிற குளத்தோட மடையும் மறுகாலும் நல்லா இருக்கான்னு பாருங்க.

ஆறு, இடம் யாருது? புறம்போக்கா, பட்டாவா, கோயில் நிலமா? விஏஓ கிட்டப் போய் சர்வே நம்பர் பார்த்துக்கிட்டுப் பிறகு மண்வெட்டியை எடுங்க. பட்டா நிலம்னா எழுதி வாங்குங்க. வாய்ச்சொல் ஒரு தலைமுறைதான் தாங்கும்.

எங்க படத்தில் பனங்காட்டு ஓரத்துக்கு ஆறு கேள்விக்கும் சரியான பதில் வந்துது. அங்கே யாரும் எடுக்காத ஒரு பழைய கிணறு தூர்ந்து கிடந்தது. புதுக்குழி வெட்டலை. கிணத்தைத் தூர் வாரி, பக்கத்தில் வண்டல் படிய ஒரு சின்னத் தொட்டி கட்டி, ஜல்லியும் மணலும் போட்டு, தெருத் தண்ணி அது வழியாத் தெளிஞ்சு உள்ளே போகிற மாதிரி செஞ்சோம். மறுபடி பணம் கேக்க எனக்கு வாய் வரலை. முதல்ல நோட்டில் கையெழுத்துப் போட்டது அந்த 1,500 ரூபாய் போன மதினிதான். ஒரு மழைக்காலம்தான் ஆகியிருக்கு, பெரிசாச் சொல்லிக்க மாட்டேன். ஆனா இந்த வைகாசியில் அந்தக் கிணத்தில் கயிறு எட்டுச்சு, அந்தத் தண்ணியில் பருப்பு வெந்துது.

களியும் உப்புமா இருக்கிற பக்கத்து வீடுகளுக்கு என்ன வழி? கூரைதான். கணக்குப் பாருங்க. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு லிட்டர் தண்ணி. 500 சதுர அடி மாடின்னா ஏறத்தாழ 46 சதுர மீட்டர். அஞ்சில் ஒரு பங்கு வீணாப் போச்சுன்னு கழிச்சாலும், 14 சென்டிமீட்டர் மழைக்கு 5,000 லிட்டர் தொட்டி நிறைஞ்சிரும். நம்ம கார்த்திகை மழைக்கு அது பெரிய விஷயம் இல்லை. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒரு நாளைக்கு ரெண்டு குடம், 30 லிட்டர் எடுத்தா, அஞ்சு மாசத்துக்கு மேலே வரும். கேன் தண்ணிக்கு நாம கொடுக்கிற காசை வீட்டுக்கு வீடு எழுதிப் பாருங்க, தொட்டிக் கடன் தவணை கட்ட முடியுமா முடியாதான்னு அதுவே சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. சீசன் முதல் மழையைத் தொட்டிக்குள் விடாதீங்க, மாடியையும் குழாயையும் கழுவட்டும். மணல், ஜல்லி, சிரட்டைக்கரி போட்ட வடிகட்டி வழியா விடுங்க. வெளிச்சமும் கொசுவும் போகாம மூடுங்க. குடிக்கிறதுக்குக் காய்ச்சுங்க.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. கிராம சபையில் ஊர் வேலைத் திட்டங்களுக்குப் பணி எழுதும்போது "மழைநீர்க் குழி, இத்தனை எண்ணம்"னு எழுதிக் கொடுத்துட்டு வந்துருதோம். இனிமே எண்ணத்துக்கு முன்னால இடத்தை எழுதுவோம். ஒவ்வொரு ஊர்க் குழுவும் ஐப்பசி பிறக்கிறதுக்குள்ள ஒரு கோலப்பொடிப் படம் போடணும். அதைத் தாளில் எடுத்து, தீர்மானத்தோட சேர்த்துக் கிராம சபையில் கொடுக்கணும். எஞ்சினியர் சார் வந்து அளக்கட்டும், செயற்கைக்கோள் படமும் பார்க்கட்டும், நல்லதுதான். ஆனா எந்தக் கிணத்தில் எந்த மாசம் உப்பு ஏறுதுன்னு அந்தப் படத்தில் தெரியாது. அது குடம் சுமந்த இடுப்புக்குத்தான் தெரியும்.

எங்க 18,000 ரூபாய் திரும்பி வராது. உங்க ஊரில் யாராவது ஒருத்தங்க இந்த மழைக்குக் குடையை எடுத்துக்கிட்டு வெளியே வந்து பார்த்தீங்கன்னா, அது வீணாப் போகலைன்னு நினைச்சுக்கிடுவேன்.